மேலே மழை... கீழே ஊற்று... நடுவில் பரவனாறு! நெய்வேலி சுரங்கத் தண்ணீரால் தவிக்கும் கிராமங்கள்

நெய்வேலி:

ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால் போதும். கடலூர் மாவட்டத்தில் இரண்டு கூட்டத்துக்கு தூக்கம் போய்விடும்.

ஒரு கூட்டம் நெய்வேலி நிலக்கரி சுரங்கத்துக்குள் நைட் ஷிப்டு பார்க்கும் தொழிலாளிகள். குழிக்குள் தண்ணீர் ஏறிவிடுமோ, மண் சரிந்துவிடுமோ என்பது அவர்கள் பயம்.

இன்னொரு கூட்டம் சுரங்கத்துக்கு கிழக்கே குறிஞ்சிப்பாடி வட்டாரத்து விவசாயிகள். குழியில் இருந்து வெளியே வரும் தண்ணீர் தங்கள் வயலுக்கும் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்பது இவர்கள் பயம்.

உள்ளே இருப்பவனுக்கு தண்ணீர் வெளியே போனால் நிம்மதி. வெளியே இருப்பவனுக்கு தண்ணீர் உள்ளேயே இருந்தால் நிம்மதி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல ஆண்டுகளாக இழுபறி நடக்கிறது.

அப்படியானால் தப்பு யார் பக்கம்? மழையா, சுரங்கமா, தூர்ந்து போன ஏரிகளா? கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கரி கிடைத்ததே தண்ணீரால்தான்

நெய்வேலியில் கரி இருப்பது தெரிய வந்ததே தண்ணீரால்தான். 1934-ம் ஆண்டு ஜம்புலிங்க முதலியார் தனது நிலத்தில் ஆழ்குழாய் கிணறு போட்டபோது தண்ணீரோடு சேர்ந்து கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி.

1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) தொடங்கப்பட்டது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியை தொடங்கி வைத்தார். 1961-ல் கரிப் படிவம் கண்ணில் பட்டது. 2016-ல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறியது. இன்று முதல் சுரங்கம், சுரங்கம் 1-ஏ, இரண்டாம் சுரங்கம் என்று மூன்று திறந்தவெளி சுரங்கங்கள் இங்கே உள்ளன.

ஆனால் ஆரம்ப நாளில் இருந்து இன்று வரை நிறுவனத்தின் முதல் எதிரி தண்ணீர்தான். அதுவும் ஒரு தண்ணீர் இல்லை. மூன்று தண்ணீர்!

கரிக்கு கீழே இருந்து முட்டுவது ஒன்று. வானத்தில் இருந்து நேராக குழியில் விழுவது ஒன்று. சுற்று வட்டார ஊர்களில் இருந்து ஓடை வழியாக குழியை நோக்கி ஓடி வருவது ஒன்று. மூன்றுக்கும் மூன்று வைத்தியம். இதை புரிந்து கொண்டால்தான் யார் மேல் தப்பு என்று பேச முடியும்.

லாரி டயர் போல அழுத்தம்

முதலில் கீழே இருக்கும் தண்ணீரைப் பார்ப்போம்.

நெய்வேலியில் கரிப் படிவத்துக்கு அடியில் மிகப்பெரிய நிலத்தடி நீர் மண்டலம் இருக்கிறது. அது சும்மா கிடக்கவில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல் நோக்கி அழுத்தம் கொடுக்கிறது.

புரியும்படி சொன்னால், லாரி டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அந்த அழுத்தத்துக்கு வழி விட்டால் தண்ணீர் சுமார் 200 அடி உயரத்துக்கு, அதாவது 20 மாடி கட்டிடம் அளவுக்கு எழும்பும்.

மேலே 150 அடிக்கும் அதிகமாக மண் இருக்கும் வரை அந்த பாரம் தண்ணீரை அமுக்கி வைத்திருக்கும். கரி எடுப்பதற்காக மண்ணை அள்ளி விட்டால்? பாரம் போய்விடும். கரிப் படிவத்தை உடைத்துக்கொண்டு தண்ணீர் பீறிட்டு வந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும்.

அதனால்தான் சுரங்கத்தை சுற்றி ஆழ்குழாய் கிணறுகள் போட்டு ராத்திரி பகலாக மோட்டார் ஓடுகிறது. பொங்கல், தீபாவளி எதற்கும் லீவு கிடையாது. ஒரு டன் கரி எடுக்க அதைப்போல பல மடங்கு மண்ணை அள்ள வேண்டும். பல மடங்கு தண்ணீரை இறைக்க வேண்டும்.

இந்த தண்ணீரில் ஒரு பகுதி அனல் மின் நிலையங்களுக்கும் நெய்வேலி நகரியத்துக்கும் போகிறது. ஒரு பகுதி வாய்க்காலில் விழுந்து பாசனத்துக்கு போகிறது. 2004-ல் சென்னைக்கு தண்ணீர் கொண்டு போக ஆரம்பித்த புதிய வீராணம் திட்டத்திலும் நெய்வேலி பகுதி ஆழ்குழாய் கிணறுகளுக்கு பங்கு உண்டு.

கோடையில் இந்த தண்ணீர் கிழக்கே இருக்கும் விவசாயிக்கு சாமி மாதிரி. அதே நேரம், சுற்று வட்டாரத்தில் கிணறு வைத்திருப்பவருக்கு வயிற்றெரிச்சல். முன்பு மோட்டாரே இல்லாமல் தானாகப் பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் எல்லாம் இப்போது எங்கே என்று அவர்கள் கேட்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அடித் தண்ணீர் மோட்டாரை நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் அழுத்தம் ஏறும். சுரங்கத்துக்கு ஆபத்து.

ஒரு ஏக்கருக்கு 33 லாரி

அடுத்தது வான் மழை.

நெய்வேலி பகுதியில் ஆண்டுக்கு சராசரியாக 1,200 மி.மீ. மழை பெய்கிறது. அதை ஆண்டு முழுக்க பிரித்துப் பெய்தால் பிரச்சினையே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழையில்தான் பெரும்பங்கு கொட்டுகிறது. போதாக்குறைக்கு புயல் பாதையில் இருக்கும் பகுதி இது.

10 செ.மீ. மழை என்று ரேடியோவில் சொன்னால் சாதாரணமாக கேட்டுவிட்டு போகிறோம். ஒரு ஏக்கர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 33 லாரிக்கு மேல் வரும்.

ஒரு சதுர கிலோ மீட்டருக்கு என்றால் 10 கோடி லிட்டர். சுரங்கம் ஒரு சதுர கிலோ மீட்டர் அல்ல. பல சதுர கிலோ மீட்டருக்கு விரிந்து கிடக்கும் பள்ளம்.

மணிக்கு 10 லட்சம் லிட்டர் இறைக்கும் பம்பு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர கிலோ மீட்டரில் பெய்த அந்த 10 செ.மீ. மழையை மட்டும் வெளியேற்ற அந்த பம்பு 100 மணி நேரம் ஓட வேண்டும். அதாவது 4 நாளுக்கு மேல்! பத்து பம்பு வைத்தால் 10 மணி நேரம். அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டால்? மறுபடியும் முதலில் இருந்து கணக்கு.

அதனால்தான் குழிக்குள் படிப்படியாக மண் வெட்டும்போதே ஒவ்வொரு படியிலும் வாய்க்கால் வெட்டி தண்ணீரை கீழே இறக்குகிறார்கள். சுரங்கத்தின் அடி மட்டத்தில் பெரிய குட்டை போல சம்ப் வெட்டி வைக்கிறார்கள். எல்லா தண்ணீரும் அங்கே வந்து சேரும். அங்கிருந்து ராட்சத பம்பு மூலம் மேலே ஏற்றி ஓடையில் விடுகிறார்கள்.

எழுதும்போது சுலபம். நேரில் அப்படி இல்லை. மழையில் படிக்கட்டு மண் ஊறி இளகும். ஊறிய மண் கனம் தாங்காமல் சரியும். பக்கெட் வீல் எந்திரம் நிற்கும் தரை சேறாகும். கன்வேயர் பெல்ட்டில் ஈர மண் ஒட்டிக்கொண்டு பெல்ட் நகராது. சேற்றில் நின்று அதை வழித்து விடும் வேலை யாருக்கு? பெரும்பாலும் ஒப்பந்த தொழிலாளிக்குத்தான்.

மின்சார கேபிள் கிடக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கினால் இன்னொரு ஆபத்து. ஆக, தண்ணீரை சீக்கிரம் வெளியேற்ற வேண்டும் என்று சுரங்கத்துக்குள் இருப்பவர்கள் அவசரப்படுவது லாபத்துக்காக மட்டும் அல்ல. உயிர் பயமும் அதில் இருக்கிறது. இதை கிழக்கே இருப்பவர்களும் மறந்துவிடக்கூடாது.

மண் மலை கரைந்தால் ஏரி தூரும்

மூன்றாவது, வெளியே இருந்து வரும் தண்ணீர்.

மழைத் தண்ணீர் பள்ளத்தை தேடி ஓடுவது இயற்கை. நெய்வேலியை போல ஒரு பள்ளம் இருந்தால் சுற்று வட்டார ஓடை எல்லாம் அங்கேதான் திரும்பும். அதைத் தடுக்க சுரங்கத்தின் விளிம்பை சுற்றி மாலை போட்டது போல கால்வாய் வெட்டுவார்கள். கரை போடுவார்கள். ஆறு குறுக்கே வந்தால் ஆற்றையே திருப்பி விடுவார்கள்.

இதோடு சேர்ந்தது மண் மலை விவகாரம். கரிக்கு மேலே இருந்து அள்ளிய மண்ணை மலை மலையாக கொட்டி வைத்திருக்கிறார்கள். நெய்வேலிக்கு வெளியூரில் இருந்து வருபவர்கள் அதை நிஜ மலை என்றே நினைத்துக்கொள்வார்கள். மரம் வளர்ந்து வேர் பிடித்த பகுதி மழைக்கு தாங்கும். புதிதாக கொட்டிய மண்? கரைந்து ஓடும்.

கரைந்த மண் எங்கே போகும்? ஓடைக்கு. ஓடையில் இருந்து ஏரிக்கு. ஏரியில் படிந்து தூர் ஏறும். தூர் ஏறிய ஏரியில் தண்ணீர் நிற்க இடம் இல்லை. அடுத்த மழையில் அது ஊருக்குள் புகும்.

இதற்கு மருந்து ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மண் மலையின் அடியில் கல் கட்டி தடுப்பு போட வேண்டும். ஓடைக்கு போகும் முன்பு தண்ணீரை குட்டையில் நிறுத்தி வண்டலை படிய விட வேண்டும். தெளிந்த தண்ணீரை மட்டும் வெளியே விட வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்கள் நீர்நிலையில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் மண் துகள் கலந்திருக்கக் கூடாது என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது.

ஆனால் வண்டல் குட்டை என்பது சாமி படம் அல்ல, மாட்டி வைத்துவிட்டு சும்மா இருக்க. ஆண்டுதோறும் மழைக்கு முன்பு அள்ளி சுத்தம் செய்தால்தான் வேலை செய்யும். நிரம்பிய குட்டைக்குள் வரும் சேற்றுத் தண்ணீர், அப்படியே சேற்றுத் தண்ணீராகத்தான் வெளியே போகும்.

எல்லாம் சேருவது ஒரே ஆற்றில்

மூன்று தண்ணீரும் கடைசியில் போய் சேருவது பரவனாற்றில்தான்.

பெரிய ஆறு அல்ல இது. காவிரி, தென்பெண்ணை போல மலையில் பிறந்து வருவதும் இல்லை. நெய்வேலி பக்கத்து மழைத் தண்ணீரே இதற்கு ஆதாரம். சுரங்கத் தண்ணீரை சுமந்து வரும் செங்கால் ஓடையும் இதில் சேர்ந்துகொள்ள, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று கிழக்கே போகிறது.

அதன் பிறகுதான் கூத்து. கடலுக்கு பக்கத்தில் வந்துவிட்டாலும் நேராக கடலில் விழாது. வடக்கே திரும்பி, கடற்கரைக்கு இணையாக ஊர்ந்து, கடலூர் முதுநகர் பக்கம் உப்பனாறாக போய்த்தான் கடலைப் பார்க்கும். தரை சமதளம். தண்ணீர் வேகமாக வடியாது. கடலில் அலை ஏற்றம் இருந்தால் இன்னும் மெதுவாகும். மேலே இருந்து வரும் வேகத்துக்கு கீழே வடியும் வேகம் ஈடு கொடுக்காவிட்டால் நடுவில் இருக்கும் ஊர்தான் ஏரி.

கொளக்குடி, ஓணான்குப்பம், மருவாய், கல்குணம், பூதம்பாடி என்று அந்த ஊர்களின் பெயர் மழைக்கால செய்திகளில் வந்துகொண்டே இருப்பதற்கு காரணம் இதுதான்.

அதனால்தான் ஆற்றை குறுக்கே வெட்டி திருச்சோபுரம் பக்கம் நேராக கடலுக்கு விடும் அருவாமூக்கு திட்டம் இந்தப் பகுதி மக்களின் நீண்டகால கோரிக்கையாக இருந்து வந்தது.

வாலாஜா ஏரி கதையும் இதே ரகம்தான். வண்டல் சேர்ந்து மேடாகி, ஏரி என்ற பெயரே போகும் நிலைக்கு வந்த பிறகு என்.எல்.சி. செலவில் அது தூர்வாரப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் மண் வருவதை மேலே தடுக்காமல் கீழே மட்டும் தூர்வாருவது, குழாயை மூடாமல் வீட்டைத் துடைப்பது போல.

2015: மறக்க முடியாத நவம்பர்

2015-ம் ஆண்டு நவம்பர் 9-ந்தேதி. நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது.

பண்ருட்டி அருகே விசூர், பெரியகாட்டுப்பாளையம் பகுதியில் ஓடை வெள்ளம் வீடுகளை வாரிக்கொண்டு போனது. உயிர்ப் பலி நடந்தது. பரவனாற்றுப் பக்கம் வயல், வீடு, ரோடு எல்லாம் தண்ணீரில். சம்பா நெல் அழுகியது.

சுரங்கத் தண்ணீரை திறந்து விட்டதுதான் பரவனாற்று வெள்ளத்துக்கு காரணம் என்று கிராம மக்கள் கொதித்தார்கள். வரலாறு காணாத மழைதான் காரணம் என்பது எதிர்வாதம்.

உண்மை எங்கே?

48 செ.மீ. மழை என்பது விளையாட்டு அல்ல. பரவனாற்றின் மேல்பகுதியில் இருந்து வடியும் நிலப்பரப்பு 100 சதுர கிலோ மீட்டருக்கும் அதிகம் என்று நிறுவனமே சொல்லி இருக்கிறது. 100 சதுர கிலோ மீட்டரிலும் 48 செ.மீ. ஒரே சீராக பெய்தது என்று வைத்துக்கொண்டால் 4 ஆயிரத்து 800 கோடி லிட்டர். அதாவது சுமார் 1.7 டி.எம்.சி.!

வீராணம் ஏரியின் முழு கொள்ளளவே 1.465 டி.எம்.சி.தான். ஒரு வீராணம் ஏரிக்கும் அதிகமான தண்ணீர் ஒரே நாளில் வானத்தில் இருந்து விழுந்தால் எந்த சின்ன ஆறும் தாங்காது. எல்லா இடத்திலும் ஒரே அளவு பெய்யாது, கொஞ்சம் மண்ணில் ஊறும் என்று கழித்தாலும் வெள்ளம் வெள்ளம்தான். சுரங்கமே இல்லாவிட்டாலும் 2015-ல் தண்ணீர் வந்திருக்கும். இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை.

சுவிட்ச் மனிதன் கையில்

ஒரு விஷயத்தை யோசித்துப் பார்த்தால் கிராம மக்களின் கேள்வியில் நியாயம் இருப்பது புரியும்.

வயலில் விழுந்த மழை தானாக ஓடும். மேட்டில் விழுந்த மழை தானாக ஓடும். யாரும் நிறுத்த முடியாது. ஆனால் சுரங்கக் குழியில் விழுந்த மழை தானாக வெளியே வரவே வராது. குழி பல அடுக்கு மாடி ஆழம். மோட்டார் போட்டால்தான் வெளியே வரும். அந்த மோட்டாரின் சுவிட்ச் மனிதன் கையில் இருக்கிறது!

அதாவது பெருமழை நாளில் சுரங்கம் ஒரு அணை மாதிரி. குழியில் விழுந்த தண்ணீரை ஒன்றிரண்டு நாள் உள்ளேயே நிறுத்தி வைத்து, ஆற்றில் வெள்ளம் இறங்கிய பிறகு இறைத்தால் கீழே இருக்கும் ஊருக்கு அது உபகாரம். சுரங்கம் இல்லாமல் இருந்தால் அந்த தண்ணீரும் அன்றைக்கே ஆற்றுக்கு வந்திருக்கும் அல்லவா?

அதே தண்ணீரை ஆறு நிறைய ஓடும் அதே ராத்திரியில் இறைத்து விட்டால் அது உபத்திரவம். கரை தொட்டு நிற்கும் ஆற்றுக்கு அரை அடி தண்ணீர் கூடினாலும் கரை உடையும். வெள்ளத்தில் பத்தில் ஒரு பங்குதான் சுரங்கத் தண்ணீர் என்று வாதம் செய்யலாம். கரையை உடைப்பது அந்த கடைசி பங்குதான்.

அடி ஊற்று மோட்டாரை நிறுத்த முடியாது என்பதை முன்பே பார்த்தோம். மழைத் தண்ணீர் மோட்டாருக்கு அந்த கட்டாயம் இல்லை. எப்போது போடுவது, எத்தனை போடுவது என்று முடிவு செய்யலாம். சம்ப் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, கரி எடுத்து முடித்த பள்ளத்தில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவு நேரம் காத்திருக்கலாம்.

காத்திருந்தால் நிறுவனத்துக்கு நஷ்டம் உண்டு. கரி உற்பத்தி குறையும். மின் நிலையத்துக்கு கரி போகாவிட்டால் பல மாநிலங்களுக்கு மின்சாரம் குறையும். தேக்கிய தண்ணீரால் மண் படிகள் சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அந்த நஷ்டத்தை உள்ளே வைத்துக்கொள்வதா, வெளியே ஏழை விவசாயி தலையில் இறக்குவதா என்பதுதான் கேள்வி.

சுரங்கத்தில் உற்பத்தி எத்தனை மணி நேரம் நின்றது என்று கணக்கு எழுத ஆள் இருக்கிறது. அந்த ராத்திரி எத்தனை மோட்டார் எத்தனை மணிக்கு ஓடியது, அப்போது பரவனாற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்ற இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர் மக்களுக்கு காட்டினால் பாதி சண்டை அன்றைக்கே தீர்ந்துவிடும். காட்டாததால்தான் மழை பெய்தாலே சந்தேகம் முளைக்கிறது.

2023: பயிர் மேல் ஓடிய எந்திரம்

ஆற்றைத் திருப்பும் விவகாரம் 2023-ல் பெரிய அளவில் வெடித்தது.

இரண்டாம் சுரங்கத்தை விரிவாக்க பரவனாற்றுக்கு நிரந்தர மாற்றுப் பாதை வேண்டும் என்று சுமார் 12 கிலோ மீட்டர் நீளத்துக்கு கால்வாய் வெட்டப்பட்டது. கடைசி ஒன்றரை கிலோ மீட்டர் மிச்சம். அந்த இடம் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவி.

2023 ஜூலை 26-ந்தேதி போலீஸ் பாதுகாப்போடு எந்திரங்கள் வயலில் இறங்கின. கதிர் வரும் நிலையில் இருந்த நெற்பயிர் மண்ணோடு மண்ணானது. அந்த படத்தை பார்த்து தமிழ்நாடே கொதித்தது. 2 நாள் கழித்து நெய்வேலியில் பா.ம.க. நடத்திய முற்றுகை போராட்டம் கலவரத்தில் முடிந்தது.

நிலம் 2006 முதல் 2013 வரையிலான காலத்திலேயே கையகப்படுத்தப்பட்டு விட்டது, மழைக்காலத்துக்குள் கால்வாயை முடிக்காவிட்டால் சுரங்கத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் வெள்ள ஆபத்து என்பது நிறுவனத்தின் விளக்கம். அறுவடை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்பது விவசாயிகளின் கேள்வி. சென்னை ஐகோர்ட்டும் பயிரை அழித்ததற்கு வேதனை தெரிவித்தது. ஏக்கருக்கு ரூ.40 ஆயிரம் இழப்பீடு தர உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மழைக்கு முன்பு கால்வாய் முடிய வேண்டும் என்பது நியாயமான அவசரம்தான். ஆனால் மழை ஆண்டுதோறும் அதே மாதத்தில்தான் வருகிறது. நாற்று நடுவதற்கு முன்பே முடிவு எடுத்து, பணத்தை கையில் கொடுத்து, ஊரைக் கூட்டி பேசி இருந்தால் பயிர் மேல் எந்திரம் ஓட்ட வேண்டிய நிலை வந்திருக்காது. தண்ணீருக்கு வழி வெட்டத் தெரிந்தவர்கள், ஊர் மக்களிடம் பேசும் வழியில் கோட்டை விட்டார்கள்.

திருப்பி விட்ட ஆறும் புது மாடு மாதிரி. பழகுவதற்கு நாள் ஆகும். பழைய ஆற்றுக்கு வளைவு, நெளிவு, கோரை, படுகை என்று வேகத்தை குறைக்க ஆயிரம் வழி. நேராக வெட்டிய கால்வாயில் தண்ணீர் வேகமாக ஓடும். வேகமாக ஓடினால் கரையை அரிக்கும். கீழே இருக்கும் ஊருக்கு சீக்கிரம் வந்து சேரும். ஆகவே கால்வாய் வெட்டியதோடு வேலை முடிந்தது என்று யாரும் கையை உதறிவிட முடியாது.

என்ன செய்யலாம்?

சுரங்கத்தை மூடு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் சோறு. கரியும் மின்சாரமும் இன்றைக்கு தேவை. சுரங்கம் ஓடும் வரைக்குமாவது தண்ணீரை ஒழுங்காக கையாள வழி இருக்கிறதா? இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

முதலாவது, மழைக்காலத்தில் எந்த மோட்டார் எப்போது ஓடும், செங்கால் ஓடையில் எவ்வளவு தண்ணீர் விடப்படும் என்பதை தினமும் வெளியே சொல்ல வேண்டும். மேட்டூரில், வீராணத்தில் எத்தனை கனஅடி திறப்பு என்று தினமும் சொல்கிறார்கள். சுரங்கத்துக்கு மட்டும் என்ன ரகசியம்?

இரண்டாவது, கூடுதல் தண்ணீர் திறப்பதற்கு சில மணி நேரம் முன்பாவது கீழே உள்ள ஊர்களுக்கு எச்சரிக்கை போக வேண்டும். செல்போன் மெசேஜ் மட்டும் போதாது. ராத்திரி 2 மணிக்கு யார் செல்போனை பார்ப்பார்கள்? தண்டோரா, கோவில் ஒலிபெருக்கி என்று எதுவாக இருந்தாலும் சரி. ஆட்டை, மாட்டை அவிழ்த்துவிடவாவது நேரம் வேண்டும்.

மூன்றாவது, நீர்வளத்துறை, கலெக்டர் அலுவலகம், சுரங்க நிர்வாகம் மூன்றும் மழைக்காலம் முழுக்க ஒரே மேஜையில் உட்கார வேண்டும். ஏரி மதகு ஒருவர் கையில், சுரங்க மோட்டார் இன்னொருவர் கையில் என்று தனித்தனியாக முடிவு எடுத்தால் தண்ணீர் யாரையும் கேட்காது.

நான்காவது, வண்டல் குட்டை, சுற்றுக் கால்வாய், மண் மலையின் தடுப்புச் சுவர் ஆகியவற்றை ஆவணி மாதத்துக்குள் சுத்தம் செய்து, ஊராட்சி தலைவர்களையும் விவசாய சங்கத்தினரையும் அழைத்து காட்ட வேண்டும். கண்ணால் பார்த்தால் நம்பிக்கை வரும்.

ஐந்தாவது, கரி எடுத்து முடித்த பள்ளங்களில் ஒரு பகுதியை மழைத் தண்ணீர் தேக்கும் இடமாக ஒதுக்க வேண்டும். ஐப்பசியில் தேக்கிய தண்ணீர் சித்திரையில் பாசனத்துக்கும் குடிக்கவும் உதவும். தரத்தை சோதித்து முடிவை வெளியிட்டுவிட்டு கொடுக்க வேண்டும் என்பது முக்கியம்.

கடைசியாக, குழிக்குள் மழையில் நிற்கும் ஒப்பந்த தொழிலாளியையும் மறந்துவிடக்கூடாது. தண்ணீர் எந்த மட்டம் ஏறினால் வேலையை நிறுத்தி மேலே வர வேண்டும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேலே வந்ததற்காக அன்றைய கூலியை வெட்டக்கூடாது. கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் ஆபத்தான இடத்தில் ஏழை நிற்கிறான்.

தண்ணீருக்கு மேற்கு, கிழக்கு தெரியாது

நெய்வேலி தண்ணீர் கரியைக் காட்டிக் கொடுத்தது. ஊருக்கு வெளிச்சம் தந்தது. சென்னைக்கு தாகம் தீர்த்தது. அதே தண்ணீர் கிழக்கே இருக்கும் விவசாயிக்கு ஒரு பருவத்தில் வரமாகவும் இன்னொரு பருவத்தில் எமனாகவும் வருகிறது.

மழையை நிறுத்த எந்த அதிகாரியாலும் முடியாது. அடி ஊற்றை நிறுத்தவும் முடியாது. ஆனால் மழைத் தண்ணீரை இறைக்கும் மோட்டாரை இரண்டு நாள் தள்ளிப் போட முடியும். குட்டையில் சேற்றை அள்ள முடியும். ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்ல முடியும்.

முடியாததை யாரும் கேட்கவில்லை. முடிந்ததை செய்வார்களா? அடுத்த ஐப்பசி மழைக்குள் பதில் கிடைத்தால், இரண்டு கூட்டமும் கொஞ்சம் தூங்கும்.